பாளையங்கோட்டை குழந்தைத் தோல் கிளினிக்: மூன்று முறை போய் வந்த பிறகு

ஆலங்குளம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் 11 வருடமாக அங்கன்வாடி டீச்சராக வேலை பார்க்கிறேன். மையத்தில் இப்போது 22 பிள்ளைகள். காலையில் சத்துமாவு கொடுக்கும்போதே எந்தப் பிள்ளை கையைச் சொறிகிறது, எது காலைத் தூக்கிக் காட்டுகிறது என்று கண்ணில் பட்டுவிடும். ஆனால் பார்த்ததை இன்னொருவருக்குச் சொல்லத் தெரியாமல் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன் என்பது இந்தக் கிளினிக்குக்குப் போன பிறகுதான் புரிந்தது.

பெயர் போட்டு எழுதட்டுமா என்று டாக்டரம்மாவிடமே கேட்டேன். விளம்பரம் போல ஆகிவிடும், வேண்டாம் என்றார். அதனால் பெயரில்லாமல் எழுதுகிறேன்.

முதலில் போனது என் மகனுக்காக. ஐந்து வயது. அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, வலது இடுப்பில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக ஒன்று வந்தது. மருந்துக்கடையில் போய் “பிள்ளைக்குச் சொறி” என்றேன். ஒரு டியூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு நின்றது, ஒரு வாரத்தில் மங்கிவிட்டது. நிறுத்தினேன், திரும்ப வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி மங்கியது. இப்படியே மூன்று மாதம். அதற்குள் வட்டம் என்ற ஒன்றே இல்லாமல் போய், இடுப்பு, தொடை, பிட்டம் என்று எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று தெரியாதபடி பரவிவிட்டது. இடையிடையே தோல் மெலிந்து மினுமினுத்தது. பையன் ராத்திரி தூங்கவில்லை.

கிளினிக் மாடியில் இருக்கிறது. உட்கார பெஞ்சு, ஒரு தண்ணீர் கேன், சுவரில் படங்கள். கட்டணம் 400 ரூபாய். அதே தொந்தரவுக்கு இரண்டு வாரத்துக்குள் மறுபடி போனால் பணம் வாங்குவதில்லை.

உள்ளே போனதும் என்ன பிரச்சினை என்று கேட்டார். “சொறி மேடம்” என்றேன். பிள்ளையின் சட்டையைத் தூக்கப் போன என் கையைத் தடுத்துவிட்டார்.

“இருங்க டீச்சர், இப்பவே காட்டாதீங்க. சொறின்னா நூறு விதம் இருக்கு. நான் கண்ணை மூடிட்டு உக்காந்திருக்கேன்னு நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்க. அது எப்படி இருக்கு?”

எனக்கு வாய் வரவில்லை. அவரே ஒவ்வொன்றாகக் கேட்டார். விரலால் தடவினால் தட்டுப்படுகிறதா, கண்ணை மூடிக்கொண்டால் இருக்கும் இடமே தெரியவில்லையா? மேடாக இருந்தால் உள்ளே தண்ணீரா, சீழா, கெட்டியா? மேலே செதில் உதிர்கிறதா, பொருக்குக் கட்டியிருக்கிறதா? ஓரம் கோடு போட்டது மாதிரி இருக்கிறதா, தண்ணீரில் மை விழுந்த மாதிரி கரைகிறதா? நடுவும் ஓரமும் ஒரே மாதிரியா? முதலில் எங்கே வந்தது, அப்புறம் எந்தப் பக்கம் போனது? வீட்டில் வேறு யாருக்கு? இதற்கு முன்னால் என்ன போட்டீர்கள்?

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். முதலில் வட்டமாக இருந்ததா என்று இரண்டு தரம் கேட்டார். ஆமாம், ஓரம் மட்டும் மேடாக, பொடிப் பொடியாகச் செதில் வைத்து, நடுவில் நல்ல தோல் மாதிரி இருந்தது என்று ஞாபகப்படுத்திச் சொன்னேன். “இதைத்தான் மருந்துக்கடையில சொல்லியிருக்கணும்” என்றார். கண்டிக்கிற குரல் இல்லை. அதன் பிறகுதான் பையனை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கூட்டிப் போய்ப் பார்த்தார்.

ஒரு கண்ணாடிச் சில்லின் விளிம்பால் தொடையில் லேசாகச் சுரண்டினார். வெள்ளைத் தூள் இன்னொரு கண்ணாடி மேல் விழுந்தது. அதில் ஒரு சொட்டு மருந்து விட்டு ஓரமாக வைத்துவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்த்தார். கால் மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். செங்கல் அடுக்கிய மாதிரி தோல் செல்கள், அதற்குக் குறுக்கே கிளை பிரிந்து ஓடுகிற மெல்லிய கண்ணாடி நூல்கள். அந்த நூல்தான் பூஞ்சை. படர்தாமரை. என் பிள்ளையின் தோலில் மூன்று மாதம் வளர்ந்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

நான் கையோடு கொண்டு போயிருந்த டியூபைப் பிரித்துக் காட்டினார். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே கடுமையான ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிவிடும், ஓரத்தை அழித்துவிடும், பூஞ்சைக்கோ இன்னும் வசதி செய்து கொடுக்கும். வட்டம் என்கிற அடையாளமே போய்விடுவதால் பிறகு டாக்டருக்கே கண்டுபிடிப்பது சிரமம். 2018லேயே மத்திய அரசு இது மாதிரி பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. இருந்தும் நான் சீட்டு இல்லாமல்தான் வாங்கினேன். எங்கள் ஊரில் இன்னும் எத்தனை அம்மாக்கள் வாங்குகிறார்கள் என்று நினைக்கும்போது மனசு கனக்கிறது.

வைத்தியம் எளிமையாகத்தான் இருந்தது. எடைக்குத் தக்கபடி குடிக்கிற மருந்து, ஸ்டீராய்டு கலக்காத களிம்பு. களிம்பைப் படை தெரிகிற இடத்தோடு நிறுத்தாமல் ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நல்ல தோலிலும் போட வேண்டும், மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். என் வீட்டுக்காரருக்கும் இடுப்பில் இருந்தது தெரிந்ததும் அவருக்கும் மருந்து எழுதினார். துண்டு தனித்தனி.

அப்புறம் அரைஞாண் கயிறு. ஈரத்தை வைத்துக்கொண்டே இருக்கிற கறுப்புக் கயிற்றில் பூஞ்சை தங்கிவிடும், கழற்றணும் என்றார். என் மாமியார் ஒத்துக்கொள்ளவே இல்லை. பிறந்ததிலிருந்து கட்டியிருப்பது, இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாது என்றார்கள். போனிலேயே டாக்டரம்மா அவர்களிடம் பேசினார். “கயிறு வேண்டாம்னு சொல்லலை பாட்டி. நல்லாகுற வரைக்கும் சாமி படத்துக்கு முன்னால வைங்க. அப்புறம் வெள்ளியில போடுங்க, கழற்றிக் கழுவலாம்.” அதற்கு மாமியார் சம்மதித்துவிட்டார்கள். ஆறு வாரத்தில் பையன் தோல் தேறியது. தொடையில் மட்டும் கறுத்த தடம் இருக்கிறது. அதுவும் மெல்ல மாறும் என்றார்.

இனி நான் அதிகம் மதிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு முறை நேரில் வந்தவர்களுக்கு, சாயங்காலம் ஏழு முதல் எட்டு வரை போனில் சொல்லலாம், படம் அனுப்பலாம். ஆனால் வெறும் படம் மட்டும் அனுப்பினால் பதில் வராது. கூடவே நான்கு வரியாவது எழுத வேண்டும்: எங்கே, எப்போதிலிருந்து, தட்டையா மேடா, காய்ச்சல் உண்டா. படமும் அவர் சொன்ன மாதிரி எடுக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் ஒரு காசு வைத்து ஒன்று. மேடு பள்ளம் தெரிய வேண்டுமென்றால் பக்கவாட்டில் வெளிச்சம் விழ வேண்டும்.

சுவரில் உள்ள படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாம் நம்மூர்ப் பிள்ளைகளின் தோல். பெற்றோரிடம் கேட்டு, முகம் தெரியாமல் எடுத்தவை. சிவந்து தடிக்கும், சிவப்புப் புள்ளி வரும் என்றுதான் எங்கும் எழுதியிருக்கிறது. கறுத்த பிள்ளைக்குச் சிவப்பு எங்கே தெரியும்? அந்தப் படங்களைப் பார்த்தால் தெரிகிறது. நம் பிள்ளைகளுக்குச் சிவப்பு என்பது கத்தரிப்பூ நிறம், சில சமயம் வெறும் அடர்த்தியான பழுப்பு. நிறத்தை மட்டும் நம்பாமல் தொட்டுப் பார், சூடு இருக்கிறதா பார், அடுத்த பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுப் பார் என்று சொல்லித் தந்தார்.

இது எனக்கு எப்படிப் பயன்பட்டது என்று சொல்கிறேன். போன ஆகஸ்டில் ஒரு பாட்டி வந்து, “டீச்சர், பிள்ளைக்கு அம்மை போட்டுட்டுல்லா, வேப்பிலை கட்டியாச்சு” என்றார்கள். நான் போய்ப் பார்த்தேன். சின்னம்மை என்றால் உடம்பிலும் முகத்திலும் நெருக்கமாக வரும். ஒரே இடத்திலேயே ஒன்று புள்ளியாக, ஒன்று பனித்துளி மாதிரி முத்தாக, ஒன்று பொருக்காக, எல்லாப் பருவமும் கலந்து கிடக்கும். இந்தப் பிள்ளைக்கு வயிறும் முதுகும் சுத்தமாக இருந்தது. உள்ளங்கையிலும் பாதத்திலும் நீள்வட்டமாகச் சாம்பல் நிறக் கொப்புளங்கள், பிட்டத்தில் கொஞ்சம், வாய்க்குள் புண். கஞ்சிகூட இறங்கவில்லை. அப்படியே எழுதி அனுப்பினேன். கை கால் வாய் நோய் என்று பதில் வந்தது. 2022ல் கேரளாவில் தக்காளிக் காய்ச்சல் என்று பேசினார்களே, அதே வகை. ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போய்விடும், தண்ணீர்ச் சத்துக் குறையாமல் மட்டும் பாருங்கள், சில வாரம் கழித்து நகம் கழன்றாலும் பயப்படாதீர்கள், புதிதாக முளைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார். சொன்ன மாதிரியே இரண்டு விரலில் நகம் கழன்றது. முன்னாலேயே தெரிந்ததால் அந்த அம்மா பதறவில்லை.

இரண்டாவது முறை நேரில் போனது சிரங்குக்காக. மையத்தில் ஐந்து பிள்ளைகள் ராத்திரி ஆனால் சொறிகிறார்கள் என்று வீடுகளில் சொன்னார்கள். அதில் ஒரு கைக்குழந்தையையும் அதன் அம்மாவையும் கூட்டிப் போனேன். டாக்டரம்மா அந்த அம்மாவின் விரல் இடுக்கில் பேனா மையைத் தேய்த்து, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார். மை எல்லாம் போய்விட்டது, அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு வளைந்த ஒரு கோடு மட்டும் நின்றது. பூச்சி தோலுக்குள் தோண்டிய வழி அது. அதற்குள் மை இறங்கிவிட்டது. குழந்தைக்குப் பாதத்தில் இருந்தது. பெரியவர்களுக்குப் பாதத்திலும் தலையிலும் அவ்வளவாக வராது, கைக்குழந்தைக்கு அங்கேயும் வரும் என்றார். வீட்டில் இருக்கிற எல்லோரும், அரிப்பே இல்லாதவரும், ஒரே ராத்திரியில் பெர்மெத்ரின் களிம்பு தடவிக் காலையில் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும். இது தெரியாமல்தான் மருந்து கேட்கவில்லை என்று விட்டுவிடுகிறோம். ஐந்து வீட்டுக்கும் ஒரே சனிக்கிழமை ராத்திரி என்று முடிவு செய்து நானே வீடு வீடாகப் போய் ஞாபகப்படுத்தினேன்.

கன்னத்தில் வெளிறிய திட்டு வந்தால் எங்கள் பக்கம் பூச்சித் தேமல் என்று பூச்சி மருந்து கொடுப்பார்கள். வயிற்றுப் பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம். தோல் வறட்சியில் வருவது, மேலே தவிடு மாதிரி மெல்லிய செதில் இருக்கும். ஆனால் கையிலோ காலிலோ வெளிறிய திட்டு வந்து, அதில் அரிப்பும் இல்லை, உணர்ச்சியும் இல்லை என்றால் அது வேறு. பிள்ளையின் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வதைக் கற்றுத் தந்தார். காட்டத் தெரியாவிட்டால் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பணும், தொழுநோய்க்கு மருந்து இலவசம், சீக்கிரம் தொடங்கினால் ஊனமே வராது.

மூன்றாவது விஷயத்தை எழுதும்போது இன்னும் கை நடுங்குகிறது. நாலு வயதுப் பெண் குழந்தை. முந்தின வாரம் சளிக் காய்ச்சல் வந்து சரியாகி மையத்துக்கு வந்திருந்தாள். ஓடியாடுகிற பிள்ளை பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. முட்டி வலிக்குது என்றாள். பாவாடையைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு கெண்டைக்காலிலும் பிட்டத்திலும் கத்தரிப்பூ நிறத்தில் புள்ளிகள், மிளகு அளவு முதல் புளியங்கொட்டை அளவு வரை. கொசுக்கடி என்றுதான் உதவியாளர் சொன்னார். தடவிப் பார்த்தேன், லேசாகத் தட்டுப்பட்டது. இடுப்புக்கு மேலே ஒன்றுகூட இல்லை. அரிப்பு இல்லை.

கண்ணாடித் தம்ளர் ஒன்றை எடுத்து அதன் மேல் அழுத்தினேன். கடியும் தடிப்பும் அழுத்தினால் வெளுக்கும், தோலுக்குள் ரத்தம் கசிந்திருந்தால் மாறாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கண்ணாடிக்கு அடியில் ஒரு புள்ளியும் மாறவில்லை. அப்படியே இருந்தது. மறுபடி அழுத்திப் பார்த்தேன், வேறு இடத்தில் அழுத்திப் பார்த்தேன். மாறவே இல்லை.

அவருடைய நேரம் சாயங்காலம் என்று தெரிந்தும் பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். பார்த்ததை வரிசையாகச் சொன்னேன். நான் முடிக்கும் வரை அவர் குறுக்கே பேசவில்லை. “காய்ச்சல் இருக்கா? சோர்ந்து கிடக்காளா? வயிறு வலிக்குதா? மூத்திரம் என்ன நிறம்?” என்று கேட்டுவிட்டு, “என்கிட்ட வர வேண்டாம். நேரா ஹைகிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நீங்க என்கிட்ட சொன்னதை அப்படியே அங்கேயும் சொல்லுங்க” என்றார். அன்றைக்கு அவருக்குக் கட்டணமும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். ரத்தத் தட்டணுக்கள் சரியாக இருந்தன. டெங்குவும் இல்லை. சளிக்குப் பிறகு சின்ன ரத்தக் குழாய்கள் வீங்கிக் கசிகிற ஒரு நோய். பிள்ளைகளுக்கு வருவதுதான், பெரும்பாலும் தானே தேறிவிடும், ஆனால் சிறுநீரகத்தைத் தொடலாம். அதனால் ஆறு மாதம் சிறுநீரும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். இதோ நாலாவது மாதம். குழந்தை நன்றாக இருக்கிறாள், மறுபடி ஓடுகிறாள். ஒவ்வொரு தடவையும் சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டை அவள் அம்மா என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறாள். காய்ச்சலோடு இப்படி அழுத்தினால் மாறாத புள்ளி வேகமாகப் பரவினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது என்று இப்போது என் மையத்துக்கு வரும் எல்லா அம்மாக்களிடமும் தம்ளரை வைத்துக் காட்டிச் சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. டோக்கனைப் போனில் போட முடியாது, நேரில்தான். நான் போன மூன்று முறையும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்தேன். அவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருபது நிமிடம் எடுத்துக்கொள்வதால் அப்படி, எனக்கு அது புரிகிறது. ஆனாலும் கைக்குழந்தையோடு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காவது தனி நேரம் ஒதுக்கலாம். மாடிப்படி செங்குத்து, லிப்ட் இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்க மறைவான இடம் இல்லை, ஒரு திரையாவது கட்ட வேண்டும். வாரத்தில் நாலு நாள்தான் திறப்பார்கள், மருந்து வெளியில்தான் வாங்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல், ஜங்ஷனில் மாறி இன்னொரு பஸ்.

எல்லாத் தோல் தொந்தரவுக்கும் அங்கேதான் போக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை நடமாடும் மருத்துவக் குழு வருகிறது. அவர்கள் பார்க்கிற பட்டியலில் சிரங்கு, படை, கரப்பான் எல்லாம் உண்டு. போன முறை வந்தபோது ஒவ்வொரு பிள்ளைக்கும் எங்கே, எப்போதிலிருந்து, எப்படி என்று நோட்டில் எழுதிவைத்துக் கொடுத்தேன். குழுவில் வந்த டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த மையத்துக்கும் இதைக் காட்டுங்கள் என்று கேட்டு வாங்கிப் போனார்.

இந்தக் கிளினிக்குக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அன்றைக்குக் காலையில் பிள்ளைக்கு எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் போடாதீர்கள். செதிலும் நிறமும் மறைந்துவிடும். அக்கிக்குக் காவி எழுதியிருந்தால் கழுவிவிட்டுப் போங்கள். அதற்காக அவர் கோபப்பட மாட்டார், ஆனால் அடியில் தேன் காய்ந்த மாதிரிப் பொருக்கு இருக்கிறதா, கூட்டமாக முத்துக் கொப்புளமா என்று பார்க்க அவருக்குத் தோல் தெரிய வேண்டும். இதுவரை போட்ட களிம்பு, பாதி தீர்ந்த டியூப், அட்டை கிழிந்ததாக இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். காணாக்கடி மாதிரி வந்து வந்து மறைகிற தடிப்பு என்றால் வீட்டிலேயே பால்பாயின்ட் பேனாவால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதிவிடுங்கள். ஒரு நாளுக்குள் கோட்டுக்குள் இருந்தது மறைந்து வேறு இடத்தில் வந்ததா, அதே இடத்தில் நிற்கிறதா என்பதுதான் அவர் முதலில் கேட்கும் கேள்வி. காலை ஒன்பதரைக்குள் போய்விட்டால் டோக்கன் பத்துக்குள் கிடைக்கும்.